வாழைமரம் கட்டாத பந்தல்

போன வாரம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழா. கடைக்காரன் எனக்குச் சித்தப்பா மகன். போகாமல் இருந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சு வாங்கணும், அதனால் காலையிலேயே போய் நின்றுவிட்டேன். பந்தல் போட வந்த பையன் வண்டியிலிருந்து முதலில் இறக்கியது இரண்டு வாழைமரம். கம்பு நடவில்லை, துணி பிரிக்கவில்லை, வெறும் ரோட்டோரத்தில் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, பந்தலே இன்னும் காணோம், அதுக்குள்ள வாழமரமா?" என்றேன்.

"அப்பா சொல்லியிருக்காருங்க. வாழமரம் கட்டாம துணிய மேல ஏத்தக் கூடாதாம்."

"ஏனாம்?"

"அது தெரியலிங்க. எப்பவும் அப்படித்தான் செய்யறோம்."

எனக்குத் தெரியும். அவன் அப்பா ஏழுமலைக்கு அந்தப் புத்தி எந்த நாளில் வந்தது என்று நான் கூடவே இருந்து பார்த்தவள். வெட்டின வாழையின் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறினதும், எதிரே இருந்த கடை மறைந்து எங்கள் பேங்க் வந்துவிட்டது.

எங்கள் பேங்க் என்று நான் சொன்னால் வீட்டில் இன்னமும் சிரிப்பார்கள். ஏதோ என் சொத்து மாதிரி. பி.காம். முடித்ததும் கிடைத்த முதல் வேலை, அப்படித்தான் வாயில் வருகிறது. மெட்ராஸ் முதலாளி ஒருவர் நடத்த, உள்ளூர்க்காரர்கள் பணத்தில் ஓடின சின்ன பேங்க் அது. இரண்டே அறை, கிறீச்சிடும் ஒரு ஃபேன். உப்புக் காற்றில் கவுண்டர் கம்பியெல்லாம் துருப்பிடித்து, சாய்ந்து நின்றால் புடவையில் கோடு விழும். அங்கே வருகிற நோட்டுகூட மொடமொடவென்று இருக்காது, உப்பளத்து ஈரத்தில் நமுத்துப்போயிருக்கும். மீன் விற்கிறவர்கள் கொண்டுவரும் நோட்டின் வாசனையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "எம் பொண்ணு பேங்க்ல இருக்கா" என்று அம்மா ஊருக்கே சொல்லுவாள். பக்கத்தில் நான் ரொம்ப அடக்கமாக நிற்பேன். உள்ளுக்குள் எவ்வளவு திமிர் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குப்பம்மா அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்பளத்தில் தலைச்சுமையாக உப்பு சுமக்கிற வேலை அவளுக்கு. சனிக்கிழமை கூலி வாங்கின கையோடு பேங்குக்கு வந்துவிடுவாள். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள், ஆனால் பெஞ்சில் உட்காரவே மாட்டாள். "உக்காருக்கா" என்றால், "இருக்கட்டும் பாப்பா, பாவாடையெல்லாம் உப்பு" என்று நின்றுகொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போவாள். எல்லாம் மகள் சுமதிக்காக. பாண்டிச்சேரியில் அவளை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும். அந்த வருஷம் சீட்டும் கிடைத்துவிட்டது.

ஐப்பசி மழை ஆரம்பித்தால் எங்கள் ஊரில் உப்பளத்து வேலை நின்றுவிடும். மழை மாசத்துக்கு அரிசி பருப்பு வாங்க ஆளாளுக்கு வந்து பணம் எடுப்பார்கள், வருஷா வருஷம் நடக்கிற கதைதான். அந்த வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து பணம் வர ஒரு நாள் தாமதம். எங்கள் கேஷியர் ஒரு ஆட்டோக்காரரிடம், "நாளைக்கு வாப்பா" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அது டீக்கடையில் "காசு இல்லன்னுட்டாங்க" ஆகி, மீன் மார்க்கெட்டில் "பேங்கு முழுவிப்போச்சாம்" ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் நான் போனபோது கதவு திறக்கும் முன்பே மழை விட்டு அடித்த வெயிலில் ஒரு கூட்டம் நின்றது. முதல் ஆள் குப்பம்மா அக்கா. அவளுக்கு வதந்தி எதுவும் தெரியாது. அன்றைக்கு சாயந்திரத்துக்குள் சுமதிக்கு ஃபீஸ் கட்டணும், கடைசி நாள், அதற்காக வந்திருந்தாள்.

எங்கள் மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. தங்கமான மனுஷன். பொம்பளைகள் கைக்குழந்தையோடு வெயிலில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டு வாசலில் ஒரு பந்தல் போட்டு நாலு வரிசை சேர் போடச் சொன்னார்.

"வாழமரம் வேணுங்களா சார்?" என்று ஏழுமலை கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இது என்ன கல்யாணமாப்பா? நிழல் இருந்தா போதும்."

சரியான பதில்தானே? எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வாழைமரம் இல்லாத பந்தல், அதற்கடியில் வரிசையாக நீலச் சேர், பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஜனம் என்றால் எங்கள் பக்கத்தில் அது சாவு வீடு. வேறு எதுவுமே இல்லை. அந்த வழியாகச் சென்னைக்கும் பாண்டிக்கும் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேங்க் திவாலாகி மேனேஜர் தொங்கிவிட்டார் என்று சேதி பஸ் ஏறிப் போனது.

மதியத்துக்குள் ரோடு கொள்ளாத கூட்டம். கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு பெரியவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். ஒரு கையில் மாலை, ஒரு கையில் பாஸ் புக். வாசலில் நின்ற மேனேஜரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றார் மேனேஜர், பாவம்.

பெரியவருக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்ப எடுத்துப் போகவும் மனசில்லாமல் சேர் முதுகில் மாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றார். மிச்சம் இருந்த சந்தேகமும் அந்த மாலையைப் பார்த்ததும் ஊருக்குத் தீர்ந்துபோனது. மேனேஜர் உயிரோடு நிற்கிறாரே என்றால், அப்போ மெட்ராஸில் இருக்கிற பெரிய முதலாளி போயிட்டாரு என்றார்கள். பதறிப்போய் ஏழுமலை எங்கிருந்தோ இரண்டு வாழைமரத்தை வெட்டிக்கொண்டு வந்து கட்டினான். "பாரு, சாவ மறைக்கறானுங்க" என்று ஒரு குரல் வந்தது. குரல் கொடுத்தவன் ஏறி வந்த மோட்டார் சைக்கிள் எங்கள் பேங்க் கடனில் வாங்கினது. அவனை என்ன சொல்ல? எங்கள் பணமெல்லாம் அப்படித்தான் ஊருக்குள்ளேயே வண்டியாகவும் படகாகவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டால் எந்த பேங்க் கொடுக்கும்?

அதைவிட எனக்கு வயிறு எரிகிற விஷயம் அந்தச் சேர்கள்தான். காலையில் மேனேஜரே குப்பம்மா அக்காவிடம் வந்து, "முதல்ல வந்தவங்க நீங்கம்மா, உக்காருங்க, பேர் சொல்லிக் கூப்பிடுவோம்" என்று முதல் வரிசையில் உட்கார வைத்தார். ஒரு ஆபீசர் தன்னை உட்காரச் சொன்ன பெருமை அவள் முகத்தில் தெரிந்தது. சேர் விளிம்பில், புடவையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பாண்டிச்சேரியிலிருந்து பணம் வந்து இறங்கினதும், முதல் பேரைக் கூப்பிடும் முன்பே கூட்டம் சேரையெல்லாம் சுற்றிக்கொண்டு கவுண்டருக்குப் பாய்ந்தது. பேர் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கம்பிக்குள்ளிருந்து நான் கத்தினேன்.

"அக்கா, எழுந்து உள்ள வாக்கா!"

ஆள் தலைகளுக்கு நடுவில் என் கை ஆடுவது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். "இருக்கட்டும் பாப்பா, சார் கூப்பிடுவாரு" என்று அவளும் கையை ஆட்டினாள். உதட்டசைவை வைத்துத்தான் சொல்கிறேன். நான் எழுந்து போக வழியில்லை, கேஷியருக்கும் எனக்கும் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை கை. இடித்துக்கொண்டு வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பணம் தீர்ந்தது. ஷட்டரை இறக்கும்போதுதான் அவள் எழுந்து வந்தாள்.

"எம் பேர கூப்பிடவே இல்லியே பாப்பா?"

நான் அழுதேன். அழுதால் காசு வருமா? அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள், அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஷட்டர் பிறகு திறக்கவில்லை. மேலேயிருந்து ஆள் வந்து சீல் வைத்தார்கள். சில வருஷம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்தது என்னமோ உண்மை, ஆனால் சுமதியின் சீட் அந்த வாரமே வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் பண்ணப் போனாள், இன்னமும் போகிறாள். மேனேஜர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டை அகலப்படுத்தியபோது பேங்க் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். காலைக் கழுவின அந்தக் குழாய் இருந்த இடத்தில் இப்போது லாரி ஓடுகிறது.

சித்தப்பா மகன் கடையில் முதலில் வருகிறவர்களுக்கு ஒரு டிபன் பாக்ஸ் இலவசம். குப்பம்மா அக்கா வந்திருந்தாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது, முழங்கால் வளைந்துவிட்டது. பந்தலுக்கடியில் சேரெல்லாம் காலியாகக் கிடக்க, கவுண்டரை ஒட்டி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழுமலையின் பையன் ஒரு சேரை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, பேர் கூப்பிடுவாங்க" என்றான்.

"வேணாம்பா" என்றாள். "நான் இங்கியே நிக்கிறேன்."