மூன்று தடவை கேட்ட கேள்வி

பள்ளியில் அவருக்கு ‘ஆதாரம் டீச்சர்’ என்று பெயர். தலைவலி என்று லீவு கேட்டால்கூட, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று விசாரிப்பார் என்பது பிள்ளைகளின் கேலி. அது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பாடமாக இருந்தது ஒரு கடல் சாகச நாவல். புயலில் நண்பன் செத்துப்போன சேதி கேட்டதும் மாலுமி எப்படி உணர்ந்தான், நாவலிலிருந்து ஆதாரம் காட்டுக என்பது கேள்வி. ‘கலங்கவில்லை, வேலையைப் பார்க்கப் போனான்’ என்பது டீச்சரே எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பு. வகுப்பே அதை ஒப்பித்திருந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும், ‘அவன் இடிந்துபோனான்’ என்று எழுதியிருந்தாள். ‘ஆதாரம்: காற்று எந்தப் பக்கம் என்று மூன்று தடவை கேட்கிறான். முதல் தடவையே பதில் சொல்லியாகிவிட்டது.’

“நல்லா கதை விடுறா,” என்று பக்கத்து மேஜைக் கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டு, சுழி போடப் போனவர், கை சும்மா இராமல் நாவலைப் புரட்டினார். இருந்தது. ஒரே பக்கத்தில் மூன்று தடவை. வருஷம் தவறாமல் அவர் நடத்திய பக்கம்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் கணக்கு டீச்சர்.

“ஒண்ணுமில்ல.”

தம்பியின் ஞாபகம் வந்திருந்தது. அவன் கப்பலில் இன்ஜின் வேலை பார்ப்பவன். பதினோரு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த சேதியை இவர்தான் போனில் சொன்னார். அவன் அழவில்லை. “அங்க மழையாக்கா?” என்றான். இல்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, “மழை பெய்யுதா?” என்றான். மூன்றாம் தடவையும் அதையே கேட்டதும் இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்பத்தானடா சொன்னேன்! அப்பா போயிட்டாருங்கறேன், மழையைப் பத்திக் கேக்கறியே. நீயெல்லாம் மனுஷனா?”

அன்று போனை வைத்தவர், பிறகு அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தார். யாரும் அவரிடம் ஆதாரம் கேட்கவில்லை.

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டார். எழுந்து வராந்தாவுக்கு வந்து, தம்பி மனைவி எப்போதோ அனுப்பியிருந்த எண்ணைத் தேடி அழைத்தார்.

“யாரு?” அவன் குரல் கிழடு தட்டியிருந்தது.

“நான்தான்டா.”

தப்பு என் மேலதான் என்று ஆரம்பிக்க நினைத்திருந்தார். கேட்டது வேறு.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்க்கா.”

அப்புறமும் சொல்ல வந்தது வரவில்லை. “சாப்பிட்டியாடா?”

“சாப்பிட்டேன்க்கா.”

மூன்றாம் தடவையும் அதே கேள்விதான் வாயில் வந்தது. இப்பத்தானே சொன்னேன் என்று அவன் சொல்லவில்லை. முதல் தடவை பதில் சொல்வதுபோலவே, “சாப்பிட்டேன்க்கா. நீ சாப்பிட்டியா?” என்றான். அன்றைக்கு இவர் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.