பன்னிரண்டு கூடைகளும் ஒரு காலித் தொட்டியும்

ஏற்காட்டு மலை ஊரான கொட்டச்சேட்டில் கனகாவைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. காப்பி எஸ்டேட்டில் பழம் கழுவுகிற தொட்டிக்கும் காயப்போடுகிற களத்துக்கும் அவள்தான் சூப்பர்வைசர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், ஒரு சொத்தைப் பழம் அவளைத் தாண்டிப் போகாது என்பது ஒன்று. விளையாடி முடித்த கம்ப்யூட்டர் விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடுகிற கிறுக்கு என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். இரண்டும் ஒரே குணம் என்று புரிந்துகொள்ளத்தான் ஊருக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது.

அந்த விளையாட்டின் பெயர் 'மரிசோலா தீவு'. சுடுவது, துரத்துவது, ஓடுவது ஒன்றும் அதில் கிடையாது. திரையில் ஒரு அறை தெரியும். மவுஸை வைத்து மேஜையைத் தொடலாம், அலமாரியைத் திறக்கலாம், கிடைத்ததை எடுத்துப் பையில் போடலாம், எதிரில் வருகிறவரிடம் பேசலாம். ஒரு புதிரை அவிழ்த்தால் அடுத்த கதவு திறக்கும். அவிழ்க்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவசரக்காரர்களுக்கு ஆகாத விளையாட்டு.

பிளஸ் டூ முடித்த கையோடு ஏற்காடு பஜாரில் ஹேமலதா டீச்சர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் கனகா ஆறு மாத கோர்ஸ் சேர்ந்தாள். டைப்பிங் முடித்தவர்களுக்கு அரை மணி நேரம் விளையாட விடுவார் டீச்சர். மற்றவர்கள் சீட்டு விளையாட்டைத் திறப்பார்கள். கனகா அலமாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு சிடியை எடுத்துப் போட்டாள். தமிழ் மீடியத்தில் படித்தவள், திரையில் ஓடும் ஆங்கிலத்தில் பாதிக்குப் பாதி புரியாது. டீச்சரிடம் அகராதியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அரை மணி முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டும், விட்டால் நடைதான். அப்படி அரை அரை மணியாகச் சேர்த்து, கோர்ஸ் முடிகிற வாரத்தில் தீவை விட்டுக் கரையேறினாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமிதத்தை டிப்ளமா சர்டிபிகேட்கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தீவுக்குப் பதினான்கு முறை போய் வந்துவிட்டாள். எஸ்டேட் ஆபீஸில் கழித்துப் போட்ட லேப்டாப்பை வாங்கி, பழைய விளையாட்டை ஓட வைக்கிற மென்பொருளைத் தானே தேடி ஏற்றிக்கொண்டாள். கணவன் முருகன் ஜீப் ஓட்டுகிறவன். விடை தெரிந்த விடுகதையை யாராவது மறுபடி போட்டுக்கொள்வார்களா என்று வருஷம் தவறாமல் கேட்பான். பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் போடும் ஒரே படத்தை, வசனத்தை முந்திக்கொண்டு சொல்லியபடி பார்க்கிற மனிதன் கேட்கிற கேள்வி அது. கனகா அதற்கு அவனுடைய தொழிலை வைத்தே பதில் சொல்லுவாள்.

"ஏனுங்க, உங்க ஜீப்புல வர்றவங்க ஏரி, லேடீஸ் சீட்டு, சேர்வராயன் கோயிலுன்னு ஒரே நாள்ல சுத்திப்போட்டு, ஏற்காடு பாத்தாச்சுன்னு எறங்கிப் போறாங்கல்லங்க. மொதத் தடவ வெளையாடறது அப்படித்தாங்க. நான் அங்கயே குடியிருக்கறனுங்க."

மறுபடி விளையாடுவதைப் பற்றி அவளுக்கு இன்னும் பல கருத்துகள் உண்டு, எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். நடுவில் ஒரு வருஷமாவது விடாமல் மறுபடி தொடங்கக் கூடாது. பேச்சுகளைத் தாண்டிப் போகக் கூடாது. முக்கியமாக, எதையெல்லாம் தொடலாம் என்று வெளிச்சம் போட்டுக் காட்டுகிற பட்டன் ஒன்று வரும், அதன் பக்கமே விரல் போகக் கூடாது. அது பளிச்சிடுகிற பொருளை மட்டும் காட்டும், பளிச்சிடாத அறையை மறைத்துவிடும் என்பது அவள் கட்சி.

பழைய விளையாட்டுப் பிரியர்கள் இருநூறு பேர் சேர்ந்த ஒரு வாட்ஸப் குழுவில் கனகாவும் இருந்தாள். அங்கே எல்லோரும் ஒருமனதாகத் திட்டுகிற ஒரு விஷயம், மரிசோலாவின் பன்னிரண்டு கூடைப் புதிர். தீவின் துரை சாகும் முன் ஒரு காப்பிப் பழத்தைக் குடைந்து, உள்ளே ஒரு சீட்டைச் சுருட்டி வைத்து, பன்னிரண்டு கூடைகளில் ஒன்றில் போட்டுவிட்டார். தவறான கூடையில் கை வைத்தால் நாய் குரைக்கும், காவல்காரன் வந்து வாசலுக்குத் தள்ளிவிடுவான், கூடைகள் இடம் மாறிவிடும். விடை, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் கல்தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழத்தைக் கொட்டுவது. உள்ளே வெற்றான பழம் மேலே வந்து மிதக்கும். இது எவனுக்குத் தோன்றும், விடைக்குறிப்பைப் பார்க்காமல் இதைத் தாண்டியவன் உலகத்திலேயே கிடையாது என்று குழுவில் தீர்ப்பே எழுதியிருந்தார்கள்.

தான் முதல் தடவையிலேயே தாண்டியதாக ஒரு நாள் கனகா எழுதினாள். சேலத்துக்காரன் லோகேஷ் சிரிக்கிற பொம்மை நான்கைப் போட்டு, குறிப்பைப் பார்த்துவிட்டு மறந்திருப்பீர்கள் அக்கா என்றான். இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் ஏற்காட்டில் அவள் எந்த இணையத்தைக் கண்டாள்? ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அதன்பின் இரண்டு வருஷம் குழுவில் வாயே திறக்கவில்லை.

இந்த ஜனவரியில்தான் வினை வந்தது. குழுவை நடத்துகிற யுவராஜ், மரிசோலாவைப் புதிய படங்களோடும் தமிழ்க் குரல்களோடும் திரும்பச் செய்ய, முதலில் உருவாக்கியவர்களிடமே அனுமதி வாங்கியிருந்தான். பாதி வேலை முடிந்த சந்தோஷத்தில் ஓர் அறிவிப்பு போட்டான். எல்லோருக்கும் பிடிக்காத கூடைப் புதிரைத் தூக்கிவிட்டு, அங்கே மூன்று எண் போட்டுத் திறக்கும் பூட்டு ஒன்றை வைக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குழுவில் ஓட்டெடுப்பு.

கனகாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோரும் தோற்று அவள் மட்டும் வென்ற இடம் அந்தத் தீவிலேயே அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் அவள் சொன்னது காலத்துக்கும் பொய்யாகவே நிற்கும். இரண்டு வருஷ மௌனத்தை உடைத்துக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்.

"ஏனுங்க தம்பி, தெரியாத ஆளுக்கு அது தானாத் தோணாதுன்னுதான சொல்றீங்க? ஞாயித்துக்கெழம மேல வாங்க. எங்க களத்துல நீங்களே ஒரு ஆளப் பாத்துச் சொல்லுங்க, அவங்க கண்டுபிடிக்கட்டும். நான் வாயே தொறக்கமாட்டனுங்க. கண்டுபிடிக்கலீன்னா நானும் பூட்டுக்கே ஓட்டுப் போடறனுங்க."

குழு கலகலப்பாகிவிட்டது. யுவராஜ் வருவதாகச் சொன்னான். லோகேஷ் தானாகவே ஒட்டிக்கொண்டான்.

ஞாயிறன்று முருகன்தான் இருவரையும் ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் கூட்டி வந்தான். லீவு நாள் என்றாலும் காய்கிற பழத்தைப் புரட்டிவிட நான்கு பெண்கள் களத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை கழுவி, மிதந்ததையெல்லாம் நீக்கிக் காயப்போட வைத்திருந்த பழத்தில் பன்னிரண்டு கூடைகளைக் கனகா வரிசையாக வைத்திருந்தாள். அவளையும் நான்கு பெண்களையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, லோகேஷ் ஒரு பழத்தைக் குடைந்து, சீட்டை வைத்து, மெழுகால் வாயை அடைத்து ஒரு கூடைக்குள் புதைத்தான். யுவராஜ் நான்கு பெண்களையும் பார்த்து, ஓரத்தில் நின்ற குப்பாயியைக் கை காட்டினான்.

போயும் போயும் குப்பாயியா என்று நினைத்தாள் கனகா. குப்பாயி கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என்பதல்ல விஷயம். சொன்ன வேலையைச் செய்வாள், சொல்லாத வேலைக்கு விரலைக்கூட அசைக்கமாட்டாள். எஸ்டேட்டில் வேலைக் கணக்கு எழுதுகிற ரைட்டர்களில் அவளோடு மல்லுக்கட்டாதவர் இல்லை.

ஒரு கூடையில் ஒரே ஒரு பழம் மட்டும் உள்ளே வெற்று, உடைத்துப் பார்க்காமல் எந்தக் கூடை என்று சொல்ல வேண்டும் என்று லோகேஷ் விளக்கினான். யுவராஜ் செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கினான். குப்பாயி கூடைகளைப் பார்த்தாள். ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டாள். தொட்டிப் பக்கம் நடந்து போய் எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து முதல் கூடைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கனகாவுக்குச் சுரீரென்றது. கழுவி முடித்ததும் தொட்டியைக் காலி செய்து அடித்துத் துடைக்கச் சொன்னவளே அவள்தான். தொட்டி வறண்டு கிடந்தது. சொல்லவும் முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. குப்பாயி முந்தானையால் விசிறிக்கொண்டாள். லோகேஷின் உதட்டோரத்தில் அதே நான்கு பொம்மைச் சிரிப்பு. யுவராஜ் பாவம், அக்கா முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு மலையைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷ நம்பிக்கை தன் கையாலேயே கவிழ்ந்ததே என்று கனகாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

குப்பாயி பொறுமையிழந்தாள்.

"எத்தன நாழி உக்காந்திருக்கறதுங்க? சூப்பர்வைசரு சொல்லாம நான் பைப்பத் தொட்டா அப்பறம் என்னையத்தான் பேசுவாங்க. தண்ணியில்லாம எப்படிங்க பழம் பாக்கறது?"

லோகேஷின் சிரிப்பு நின்றது. யுவராஜ் கையிலிருந்த போனை அப்படியே பிடித்தபடி, திறந்துவிடச் சொல்லுங்கள் அக்கா என்றான். முருகன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தான். தொட்டி நிறைய நிறையக் குப்பாயி கூடையைத் தூக்கினாள். ஒரு கூடை, இரண்டு கூடை, எல்லாம் கல்லாய் அடியில் இறங்கின. ஏழாவது கூடையைக் கொட்டியதும் ஒரே ஒரு பழம் துள்ளி மேலே வந்து சுற்றிச் சுற்றி மிதந்தது. அவள் அதை எடுத்து லோகேஷின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, இதுக்கா டவுன்லருந்து வந்தீங்க என்று கேட்டாள்.

லோகேஷ் சுலபத்தில் விடுகிறவன் இல்லை. காப்பித் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சரி, சென்னையில் உட்கார்ந்து விளையாடுகிறவன் என்ன செய்வான், அவனுக்கு இது அநியாயம்தானே என்றான். நியாயமான கேள்விதான். கனகா இந்தக் கேள்விக்காகத்தான் பதினான்கு முறை விளையாடியிருந்தாள் என்று சொல்ல வேண்டும். யுவராஜின் லேப்டாப்பில் பழைய விளையாட்டைத் திறந்து, முதல் அறையில் நிறுத்தச் சொன்னாள். மேஜை, விளக்கு, அலமாரி, சுவரில் மங்கலாக ஒரு படம்.

"அந்தப் படத்தக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க தம்பி. ஒம்பதாவது தடவதான் என்ற கண்ணுக்கே பட்டுது."

யுவராஜ் பெரிதாக்கினான். நான்கு பெண்கள் கூடையிலிருந்து ஒரு தொட்டியில் பழம் கொட்டுகிறார்கள். தொட்டிக்கு அடியில் சிவப்புப் புள்ளிகள் குவிந்திருந்தன. தண்ணீருக்கு மேலே மூன்றே மூன்று புள்ளிகள், அவற்றை ஒருத்தி கையால் அரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். விடை முதல் அறையிலேயே, வாசலைத் தாண்டியதும், கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தது.

யுவராஜ் மரிசோலாவை மூன்று முறை விளையாடியவன். மூன்று முறையும் வெளிச்சம் காட்டும் பட்டனை அழுத்திக்கொண்டே போனவன். அந்தப் படம் தொடுகிற பொருள் அல்ல, பளிச்சிடாது. மெதுவாகத் தன்னுடைய புதிய பதிப்பைத் திறந்தான். அதே அறை, அதே சுவர், பளபளவென்று ஒரு பாய்மரக் கப்பல் படம். எதற்கும் பயன்படாத படம்தானே என்று அவனே மாற்றி வரையச் சொன்னதாம். லேப்டாப்பைக் கனகா பக்கம் திருப்பினான். புதிர் தப்பில்லை அக்கா, நாங்கள்தான் பார்க்கவே இல்லை என்றான்.

ஆறு மணிக்கு ஓட்டெடுப்பு தொடங்கும் முன் யுவராஜ் குழுவில் இரண்டே இரண்டைப் போட்டான். சுவர்ப்படத்தின் பெரிதாக்கிய பிரதி ஒன்று, குப்பாயியின் வீடியோ ஒன்று. புதிர் இருக்கட்டும் என்று நூற்று அறுபத்தொரு பேர், பூட்டுக்கு ஒன்பது பேர். அந்த நூற்று அறுபத்தொன்றில் ஒன்று லோகேஷுடையது. ஓட்டோடு ஒரு வரியும் எழுதியிருந்தான்: கனகா அக்கா குறிப்பைப் பார்க்கவில்லை, பொய் சொன்னது நான்தான், மன்னித்துவிடுங்கள். கனகா அதைப் படித்துவிட்டு முருகனிடம் போனை நீட்டினாள். அவன் உரக்க வாசித்தான். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். ஒரு தடவை படித்ததைத் திரும்பப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவனுக்கு வாய் வரை வந்தது, நல்லவேளை கேட்கவில்லை.

ஜூன் மாதம் புதிய மரிசோலா வந்தது. முதல் அறைச் சுவரில் கப்பல் போய்விட்டது, பழம் கொட்டும் பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் கனகா லேப்டாப்பை எஸ்டேட்டுக்குக் கொண்டு போய்க் குப்பாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு கூடைகள் வரை விளையாடி, தொட்டியில் தண்ணீரைத் திறந்து, கூடை கூடையாகக் கொட்டினாள். வெற்றுப் பழம் மேலே வந்தது. அந்த நொடியில் தோட்டத்துக் கிழவி ஒருத்தி திரையில் தோன்றி, ஊரறிந்த அந்தக் குரலில் கேட்டாள், தண்ணியில்லாம எப்படிங்க பழம் பாக்கறது என்று. களத்தில் எடுத்த வீடியோவிலிருந்து, குப்பாயியிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு எடுத்த குரல்.

மற்ற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். குப்பாயி மட்டும் அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, துரையின் சீட்டு கிடைத்தது, கதை அடுத்த அறைக்குப் போகப் பார்த்தது. அவள் கனகாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொருக்கா மொதல்லருந்து போடு கனகா," என்றாள்.