குடில் வைக்காத வருஷம்

பேரன் கிறிஸ்மஸ் குடிலுக்கு வாங்கிவந்த வைக்கோலின் வாசம், யுத்தகாலத்துத் தூத்துக்குடிக்கு என்னை இழுத்துப் போனது.

அந்த டிசம்பரில், பர்மாவிலிருந்து உயிர்தப்பி வந்த நிறைமாதக்காரி ஒருத்தி எங்கள் வாசலில் நின்றாள். வழியில் கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள். குடிலுக்காக முன்னறையில் பரப்பியிருந்த வைக்கோலை அம்மா ஒன்றாகக் கூட்டி, அதன்மேல் அவளுக்குப் பாய் விரித்தாள்.

"அப்ப குடில் எங்கன வைக்க?" என்று நான் அழுதேன்.

"ஏளா, யாரோ எவரோ! பண்டிகை நாளும் அதுவுமா உள்ள சேக்காத" என்று பெரியம்மா தடுத்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். "எடமில்லாம அலைஞ்ச மாதாவ நெனச்சித்தானக்கா வருஷாவருஷம் குடில் வைக்கோம்? இவள வெளிய அனுப்பிட்டு நான் எந்த மொகத்தோட கோயிலுக்குப் போவேன்?"

அந்த வருஷம் குடில் இல்லை. பண்டிகை கழிந்த வாரம் அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. வெந்நீர் வைத்து அதை முதலில் குளிப்பாட்டியவள் பெரியம்மாதான்.