நிஷியோ அண்ணன் சாணியாகக் கிடக்கிறார்

நிஷியோ அண்ணன் தமது சலவைக்கடை வாசலில் குப்புறக் கிடக்கிறார். கைகால்களை உள்ளே மடக்கி, முதுகை லேசாக மேடாக்கி, முகத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, மூச்சையும் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். கோட்டு வாங்க வந்த ஒரு பெண்மணி அவரைத் தாண்டி உள்ளே போய், கோட்டை எடுத்துக்கொண்டு, மறுபடியும் தாண்டி வெளியே வருகிறாள். "ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே" என்று போகிற போக்கில் சொல்கிறாள். அவள் சொன்னது கோட்டைப் பற்றி அல்ல.

அண்ணனுக்கு அதில் திருப்தி இல்லை. எதிரே என் முடிதிருத்தகத்து வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் என்னிடம் தலையைத் தூக்காமலே கேட்கிறார்.

"உரலம்மா, நான் யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுதுண்ணே."

"அதான் தப்பு. சாணி யாருக்கும் காத்திருக்காது. அது பாட்டுக்குக் கிடக்கும். வர்றவன்தான் வந்து மிதிக்கணும்."

எங்கள் ஊர் ஜப்பானில் டொட்டோரிப் பக்கம். மலைச்சரிவில் மாட்டுப் பண்ணைகள், கீழே கடல், இடையில் வீட்டுக்கு வீடு பெர்சிமன் பழ மரம். பழம் சிவக்கத் தொடங்கியதும் எங்கள் தெருப் பெரியவர்கள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் குரங்கும் நண்டும் கதையை நாடகமாகப் போடுவோம். நண்டு பாடுபட்டு வளர்த்த மரத்தில் குரங்கு ஏறிக்கொண்டு, பழுத்ததையெல்லாம் தான் தின்றுவிட்டு, பச்சைக் காயை எறிந்து நண்டைக் கொன்றுவிடும். நண்டுக் குஞ்சுகளோடு சேர்ந்து பழிவாங்கக் கிளம்பும் படையைப் பாருங்கள்: ஒரு செஸ்ட்நட் கொட்டை, ஒரு குளவி, ஒரு சாணி, ஓர் உரல். குரங்கின் வீட்டு அடுப்பிலிருந்து கொட்டை வெடித்துச் சுடும். சூட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் தேடி ஓடினால் குளவி கொட்டும். அலறிக்கொண்டு வெளியே ஓடினால் வாசலில் சாணி வழுக்கிவிடும். விழுந்தவன்மேல் கூரையிலிருந்து உரல் குதிக்கும்.

உடம்பு வாகைப் பார்த்து உரலை என் தலையில் கட்டிவிட்டார்கள். தபால்காரர் இக்குதாவுக்குக் கால் நீளம் என்பதால் குரங்கு. சாணிக்குத்தான் ஆளே அகப்படவில்லை. துவைத்த திரைச்சீலையைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று ஒத்திகைக்கு நடுவே எட்டிப்பார்த்த நிஷியோ அண்ணனைப் பிடித்துப் படுக்கவைத்தோம். படுத்தவர் அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. வருஷா வருஷம் பழம் சிவந்தால் கடை வாசலில் இப்படித்தான் ஒத்திகை.

வேடிக்கை என்னவென்றால் ஊரிலேயே சுத்தமான மனிதர் அவர்தான். கையைக் கழுவிவிட்டுத்தான் கைக்குட்டையையே எடுப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளியின் சட்டையில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், பேச்சு அதோடு நின்றுவிடும். விரல் தானாக நீண்டு அதைத் தடவிச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்பும். போன வருஷம் ஒரு சாவு வீட்டில் குருக்களின் அங்கியையே தடவிவிட்டார். சாணி வேடம் பழுப்புத் துணியில் அவர் மனைவி கிகுயோ தைத்தது. நாடகத்துக்கு முந்தின நாள் அதற்கு நீராவி இஸ்திரி நடக்கும்.

"சாணிக்கு எதுக்குங்க இஸ்திரி?" என்பாள் கிகுயோ.

"நாலு பேர் முன்னாடி போறோம்ல" என்பார்.

தெருவில் பிள்ளைகள் அவரைக் கண்டால் "சாணி மாமா!" என்று கத்தும். அண்ணன் தொப்பியைக் கழற்றி, பெரிய மனிதர்களுக்குக் குனிவதுபோல நன்றாகக் குனிந்து நிமிர்வார். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

இந்த வருஷம் பள்ளிக்கு மினாகவா டீச்சர் புதிதாக வந்தார். ஒசாகாக்காரர், தங்கமான பெண். நாடகத்துக்கான கூட்டத்தில் எல்லோருக்கும் அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, புதுப் படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் யாரும் சாவதில்லை. நண்டுக்குத் தலையில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். உரல் குதிக்காது, வந்து குரங்கின் தோளைத் தட்டும். குரங்கு மன்னிப்புக் கேட்கும். கடைசியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பெர்சிமன் பழம் தின்பார்கள். அப்புறம், சாணி கிடையாது. அந்த இடத்தில் கடற்பாசி.

"இப்ப நிறைய புத்தகத்துல பாசிதாங்க போடுறாங்க" என்றார் டீச்சர், மெதுவாக.

அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கொல்ல வேணாம், நல்லதுதான் டீச்சர். மன்னிப்புக் கேட்கட்டும், அதுவும் நல்லதுதான். ஆனா மலைமேல இருக்கிற வீட்டுக்குக் கடல்பாசி எப்படி வந்துச்சு?"

"கதைதானேங்க. கொட்டை நடந்து வரலையா?"

"கொட்டைக்குச் சோலி இருந்துச்சு, வந்துச்சு. சாணிக்கு எங்கேருந்தும் வரவேண்டிய அவசியமே இல்லையே. அது அங்கேயேதானே கிடக்கும்?"

"அண்ணே, விழுறவன் நான்" என்றார் இக்குதா. "எதுல வழுக்குனா என்ன, இடுப்பு என்னுதுதானே?"

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. நாடகம் முடிஞ்சா பிள்ளைங்க ஒரு மாசத்துக்கு அந்த வார்த்தையைத் தவிர வேற பேசுறதில்லையாம். சோத்துக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டும் அதுதானாம். அம்மாமாரெல்லாம் வந்து அழுவுறாங்க."

அது உண்மை. அண்ணன் எழுந்து குனிந்தார். "சரிங்க டீச்சர். பாசியாவே இருந்துடுறேன். வாக்குக் கொடுத்துட்டேன்."

திரும்பி வரும்போது என் கடை வாசல்வரை கூடவே வந்தார். அங்கே நின்று, "உரலம்மா, இனிமே பிள்ளைங்க என்னை என்னன்னு கூப்பிடும்?" என்று கேட்டார். சாணிக்காகக் கண் கலங்கினேன் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். மறுநாளே சூப்புக்குப் போடும் காய்ந்த பாசியை ஒரு பேசினில் ஊறவைத்து, அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அது விரிவதையும் நெளிவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கிகுயோ கரண்டியோடு வந்து நின்றாள்.

"பார்த்தாச்சுன்னா சொல்லுங்க, கொதிக்குது."

"இன்னும் பிடிபடலைடி."

"ருசி பிடிபட்டாப் போதும்" என்று பேசினோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் மாதிரி இல்லாமலே பழகினார். கடைக்குள் நின்றபடி இடமும் வலமும் ஆடுவார். தலைசுற்றல் என்று நினைத்து ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "வழுக்குற பாசியா இருக்கேன்" என்று அண்ணன் சொன்னதும் கேட்டவருக்குக் கவலை இன்னும் கூடிவிட்டது. வேடத்துக்குக் கிகுயோ கரும்பச்சைத் துணி எடுத்துத் தைத்தாள். அதையும் இஸ்திரி போட்டார், ஆனால் ஏனோதானோவென்று. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாடகத்தன்று சமூகக்கூடத்தில் பிள்ளைகள் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. நண்டின் தலையில் வீக்கம் வந்தது. கொட்டை வெடித்தது. குளவி கொட்டியது. "ஐயோ, அம்மா!" என்று இக்குதா பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட, அண்ணன் பச்சையாக மேடைக்கு வந்தார். சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் ஆடினார், வலப்பக்கம் ஆடினார். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் விழித்தன. ஒன்று கொட்டாவி விட்டது. டீச்சர் மட்டும் ஓரத்தில் நின்று தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

ஆனால் பாசியே ஆனாலும் வழுக்கிவிட வேண்டுமென்றால் படுத்துத்தானே ஆக வேண்டும்? அண்ணன் வாசற்படியில் படுத்தார். படுத்த மாத்திரத்தில் கைகால்கள் தாமாக உள்ளே மடங்கின. முதுகு லேசாக மேடாயிற்று. மூச்சு பாதியாகக் குறைந்தது. கூரைமேல் உட்கார்ந்திருந்த நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. அந்த உடம்புக்குப் படுக்கத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். யாருக்கும் காத்திராமல், அது பாட்டுக்குக் கிடந்தது.

முன்வரிசையில் ஒரு பண்ணை வீட்டுச் சிறுமி மெல்ல எழுந்து நின்று உற்றுப் பார்த்தாள். மாட்டோடு பிறந்து வளர்ந்த பிள்ளை; அவளை ஏமாற்ற முடியுமா?

"புதுசு!" என்று கத்தினாள். "இப்பத்தான் போட்டிருக்கு!"

"பச்சைப் புல்லு தின்ன மாடு!" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவ்வளவுதான். "சாணி மாமா! சாணி மாமா!" என்று கூடமே அதிர்ந்தது. "பாசி! கடல்பாசிம்மா அது!" என்று டீச்சர் ஓரத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கூச்சலில் இக்குதா இதுவரை விழாத மாதிரி விழுந்தார். நான் இறங்கிவந்து அவர் தோளைத் தட்டியிருக்க வேண்டும். புதுக் கதையாவது ஒன்றாவது, பழக்கதோஷத்தில் குதித்துவிட்டேன். இக்குதா இப்போதெல்லாம் முடிவெட்டிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போகிறார்.

கீழே அண்ணன் அசையவில்லை. பிள்ளைகள் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தப் பச்சைக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. குரங்கு மிதித்த இடத்தில் விழுந்திருந்த சுருக்கத்தை நிதானமாகத் தடவி நீவிவிட்டு, மறுபடியும் உள்ளே போயிற்று.