கலியாணத்துக்குப் போன இடத்தில் கல்லறை

ஊரில் பதினொரு வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். ஸ்காபரோவில் இப்போது பெட்டி அடுக்குகிற வேலை என்பதற்காகப் படித்தது மறந்துபோகுமா? பாரிஸில் இவரின் தங்கை மகனுக்குக் கலியாணம் என்று ரிக்கெற் போட்டதுமே, அங்கே வடக்குப் புறத்திலுள்ள கோதிக் பேராலயத்தைப் பார்க்க ஒருநாள் எனக்கு வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறிக் காட்டிய அந்தக் கூர் வளைவுகளை நான் கண்ணால் கண்டதில்லை.

அதோடு வாயை மூடியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். பிரான்சின் ராசாக்கள் பரம்பரை பரம்பரையாக அதற்குள்தான் அடக்கம் என்றேன்.

இவர் பிட்டுப் பிசைந்த கையை நிறுத்தினார். "கோயிலுக்குள்ள பிரேதமோ?"

"ஓம்."

"உமக்கென்ன விசரோ? நான் தாய்மாமன். தாலிக்குப் பொன்னுருக்கேக்க பக்கத்தில நிக்க வேண்டியவன். கலியாணத்துக்குப் போற இடத்தில சுடலை பாக்கிறதோ? துடக்கெல்லே!"

எனக்கு ஏறிவிட்டது. "எந்தக் காலத்துப் பிரேதம்! அதுக்கும் துடக்கோ? எலும்பு கூட ஒழுங்காக் கிடக்கேல்லை. புரட்சிக்காலத்தில எல்லாத்தையும் கிண்டி எடுத்து, வெளியில கிடங்கு வெட்டிக் கொட்டினவை."

சொன்ன பிறகுதான் மச்சாளைப் பார்த்தேன். இவரின் அக்கா; எங்களோடுதான் இருக்கிறா. அவவின் ஒரே மகன் போரில் செத்தவன். அவனைப் புதைத்த இடத்தைப் பிறகு புல்டோசரால் உழுதுவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"அப்பிடியே விட்டிட்டினமோ?" என்று கேட்டா மச்சாள்.

"இல்லை மச்சாள். ராசாக்களின்ர ஆட்சி திரும்பி வந்தாப் பிறகு தேடிக் கிண்டி எடுத்தவை. எது ஆரின்ர எலும்பெண்டு பிரிக்க ஏலாமப் போச்சு. எல்லாத்தையும் ஒண்டா உள்ளுக்கு வைச்சு, கல்லில பேர் வெட்டியிருக்கினம்."

"பேரும் வெட்டினவையோ?"

"ஓம். வரிசையா."

மச்சாள் எழும்பிப்போய்க் கை கழுவிவிட்டு வந்தா. "கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் போவம்," என்றா.

"அக்கா..." என்று இவர் இழுத்தார்.

"நீ வராட்டி இரு. நான் இவளோட போறன். திருப்பி எடுத்து வைச்ச இடம் ஒண்டையாவது நான் என்ர கண்ணால பாக்கோணும்."