ஒரே பெயரில் இரு பதிவுகள்

பணி ஓய்வுக்குப் பின்னும் மானகிரி ஆலையின் கணினி அறைக்குச் சென்று வருகிறேன். ஆர்பிஜி என்னும் பழைய கணினி மொழியில் நிரல் எழுத அங்கே வேறு எவருமில்லை. எங்கள் சிவன் கோயிலின் அர்ச்சனைக் கோப்பும், முதலாளியின் அனுமதியோடு, அந்த இயந்திரத்தில்தான் இருக்கிறது. அவரவர் நட்சத்திரத்தன்று பெயர் சொல்லி ஆயுள் வேண்டி அர்ச்சனை நடக்கும். திருநீறு தபாலில் செல்லும்.

இறந்தோர் கோப்பை அதனோடு ஒப்பிடுவது என் வேலை. இரண்டையும் ஊர், வீடு, பெயர் என ஒரே வரிசையில் அடுக்கி, கோப்புக்கு ஒரு பதிவாகப் படிக்க வேண்டும். வரிசையில் எது முந்தியதோ, அந்தக் கோப்பில் அடுத்ததைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்தால் அர்ச்சனைப் பதிவை நீக்கிவிட்டு இரண்டிலும் நகர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தலைமகனுக்குப் பாட்டனார் பெயரையே சூட்டுவர். பள்ளத்தூரில் என் பெரியம்மா மகனின் பேரன், அவர் பெயரையே தாங்கியவன், இவ்வாண்டு சாலை விபத்தில் இறந்தான். நிரல் முதலில் கண்டது பாட்டனாரின் பழைய அர்ச்சனைப் பதிவை. அதை நீக்கிவிட்டு நகர்ந்துவிட்டது.

அந்தப் பாட்டனாரான அண்ணன், திருநீறு வந்த உறையோடு ஆலைக்கே வந்தார்.

"ரோகிணின்னு போட்டு வந்திருக்கு, தம்பி. எனக்குக் கேட்டை. எனக்கு வரலை."

"அவனை விட்டுட்டு உங்களை எடுத்திருச்சுண்ணே."

"எமனுக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு." உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "திருத்தாதே. அவன் பேரு ஓடட்டும்."

"நீங்க இருக்கீகளேண்ணே."

"இருந்து?"

திருவடி சேர்ந்துவிட்டவனுக்கு ஆயுள் கேட்பது இறைவன் திருமுன் பொய் சொல்வதாகும் என்றேன். அவர் பேருந்துக்குப் போய்விட்டார்.

ஊர், வீடு, பெயரோடு நட்சத்திரத்தையும் ஒப்பிடச் செய்து, முன்பே எடுத்துவைத்த கோப்பு நகலில் நிரலை மீண்டும் ஓட்டினேன். கேட்டை திரும்பியது, ரோகிணி நீங்கியது. அவரிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

அடுத்த ரோகிணியன்று சந்நிதியில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். குருக்கள் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். பள்ளத்தூர்ப் பெயர்கள் முடிந்து வேறு ஊர்ப் பெயர்கள் தொடங்கின. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. தீபாராதனைக்கு மணி ஒலித்தபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

நான் கைகுவித்து நின்றேன். நாள்தோறும் ஓதும் பதிகத்தின் முதல் அடிகூட நாவுக்கு வரவில்லை.