மதினி பேரில் ஒரு வீடு

வீடு வாங்குவதற்குப் பல வருஷங்கள் முன்பே மதினி பூட்டை வாங்கிவிட்டார். திண்டுக்கல் பூட்டு. பித்தளை உடம்பு, உள்ளங்கையை நிறைக்கிற கனம், சாவியை நுழைத்துத் திருப்பினால் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். எனக்குக் கல்யாணமாகிப் போடிக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து காய்கறிப் பைக்குள் செய்தித்தாளில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். வீட்டுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பூட்டு இருக்கிறதே, இது எதற்கு என்று என் மாமியார் கேட்டார்.

“இது நம்ம வீட்டுக்கு இல்ல ஆத்தா. என் வீட்டுக்கு.”

“எந்த வீட்டுக்கு?”

“இனிமேத்தான் பாக்கணும்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். மற்ற யாரும் சிரிக்கவில்லை. மதினி பூட்டைத் தன் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்து மூடினார்.

மதினி என் கணவருக்கு மூத்த அக்காள். அது எழுபதுகளின் கடைசி. நாங்கள் குடியிருந்தது இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. நான் வரும்வரை உள்ளறையில் படுத்தவர், நான் வந்த அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் மாமியாரோடு வந்துவிட்டார். யாரும் அவரை எழுந்து வரச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பாயைச் சுருட்டியபோது அவர் எதையோ முடிவு செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கணவன் இல்லாமல் தம்பியின் தயவில் இருக்கிற பெண்ணுக்கு, தம்பி பெண்டாட்டி எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், தன் இடம் எது என்பது தினமும் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

கணவன் இல்லை என்றால் இறந்துபோகவில்லை. மலைக்கு ஆள் ஏற்றிப் போகலாம் என்று ஒரு பழைய ஜீப்பை வாங்கினார் மதினியின் கணவர்; எனக்கு அண்ணன் முறை. மதினியின் நகைகளை விற்ற பணம் பாதி. மளிகைக் கடை பாய் கொடுத்த கடன் பாதி. ஒரு மழைக்காலத்தில் போடிமெட்டு வளைவொன்றில் ஜீப்பு சறுக்கிப் பாறையில் மோதியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பு மட்டும் இரும்பு விலைக்குப் போனது. மலைக்கு அந்தப்புறம், கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் வேலை இருக்கிறது, கடனை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. பணமும் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லாததால் மதினி அம்மா வீட்டுக்கு வந்தார். கடனும் அவரோடு வந்தது.

பாய் கடன் கொடுத்தபோது எழுதி வாங்கவில்லை. “உன் முகத்துக்காகத்தான் ஆத்தா தர்றேன்” என்று மதினியைப் பார்த்துத்தான் சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்காக மதினி விடியுமுன்பே எழுந்து, தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, மலைக்குப் போகிற ஜீப்பில் ஏறினார். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. செடிக்கடியில் நாளெல்லாம் குனிந்திருக்க வேண்டும். அட்டை கடித்த ரத்தம் கணுக்காலில் காய்ந்திருக்க, விரல் நுனிகள் கறுத்துப்போய், சாயங்காலம் அவர் வாசலில் கால் வைக்கும்போது வீட்டுக்குள் ஏலக்காய் வாசனை முதலில் வரும். பாயசத்தில் மணக்கிற அந்த வாசனை எனக்கு இன்றுவரை களைத்துப்போன ஒரு பெண்ணின் வாசனைதான்.

வாரக் கூலியில் ஒரு பங்கு பாய் கடைக்கு. ஒரு பங்கு சாப்பாட்டுச் செலவுக்கு மாமியார் கையில். மூன்றாவது பங்கு, ஜீப்பில் கூட வருகிற பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டுக்கு. அந்த மூன்றாவது பங்குதான் வீட்டில் சண்டைக்குக் காரணமானது. கடனை வைத்துக்கொண்டு யாராவது வீடு வாங்கப் பணம் சேர்ப்பார்களா, முழுக் கூலியையும் கொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மதினி சோற்றைப் பிசைந்தபடி சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“கடன் அடைஞ்சப்பெறகு வீடுன்னா, அடையிற அன்னிக்கு நான் கெழவியாயிருவேன்டா. அப்ப எவன் எனக்கு வேலை குடுப்பான்?”

சேதி பாய் காதுக்கும் போனது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. தாழ்ந்த குரலில், என் பணத்தைச் சேர்த்துவைத்துத்தான் வீடு வாங்குகிறாயா என்று கேட்டார். வட்டி வாங்காத மனிதர். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மதினி மட்டும் நிமிர்ந்து நின்றார்.

“ஒரு வாரம் தப்பியிருக்கேனா பாய்? தப்புனா கேளுங்க. பட்டினி கெடந்து சேக்குறது என் வயித்துப் பணம்.”

பாய் படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு மதினி கொடுத்த பணத்தை வாங்கிக் கல்லாவில் போடுவாரே தவிர, பழையபடி சுகம் விசாரிப்பதில்லை. எங்கள் வீட்டுக்குக் கடைச் சாமான் கடனாகக் கொடுப்பதும் நின்றது. மதினிக்கு அது உள்ளுக்குள் வலித்தது. அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் நடையை வேகமாக்குவார். ஆனால் சீட்டை நிறுத்தவில்லை.

கொட்டகுடி ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் அந்த வீடு கிடைத்தது. ஓட்டுக் கூரை, ஒரு பெரிய அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு இடம். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மகனோடு மதுரையில் தங்கப் போவதால் விற்றார். மில்லுக்காரர் என்றுதான் சந்தில் அவருக்குப் பெயர். சீட்டுப் பணம் முழுவதையும் எடுத்து மதினி அச்சாரம் கொடுத்தார். மீதியை ஒரு வருஷத்துக்குள் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும், தவறினால் அச்சாரம் திரும்ப வராது என்று பேச்சு.

மீதிக்காக எஸ்டேட்டில் முன்பணம் வாங்கினார். ஒரு கடன் முடிவதற்குள் இன்னொரு கடன். அதைக் கழிக்க மலையிலேயே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் தங்கி, காய் எடுப்பு இல்லாத மாதங்களில் களை வெட்டவும் சுமை தூக்கவும் செய்தார். மாதம் ஒருமுறை இறங்கி வருவார். பாய்க்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மில்லுக்காரருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டைத் தெருவில் நின்றபடியே ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி ஜீப்பு ஏறுவார். அந்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. கன்னம் ஒட்டிப்போனது. வீடு வேண்டாம் மதினி, உயிர் இருந்தால் போதும் என்று நான் ஒருமுறை அழுதேன். “இவ்வளவு தூரம் வந்துட்டு எறங்கச் சொல்றியே தாயி” என்றார்.

கிரயத்துக்கு நாள் குறித்த சமயத்தில் அண்ணன் திரும்பி வந்தார்.

மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்து, பாதி மலையாளம் கலந்த பேச்சோடு வாசலில் நின்றார். என் மாமியார் கட்டிக்கொண்டு அழுதார். மகளுக்கு வாழ்வு திரும்பிவிட்டது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். போன வருஷங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த மதினி அவரைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே மில்லுக்காரர் சொல்லி அனுப்பினார். புருஷன் வந்துவிட்ட பிறகு பெண்பிள்ளை பேரில் எழுதினால் நாளைக்கு வழக்கு வம்பு வரும், அவர் பேரில்தான் எழுதிக் கொடுப்பேன் என்று. என் கணவருக்கும் அது சரியென்று பட்டது. யார் பேரில் இருந்தால் என்ன, இருக்கப்போவது இரண்டு பேரும்தானே என்றார். அண்ணன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

மதினி அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றோம். பிறகு கேட்டார்: “பாய், அன்னிக்கு யார் முகத்துக்குக் கடன் குடுத்தீங்க?”

“உன் முகத்துக்குத்தான்.”

“அவரு தனியா வந்து கேட்டிருந்தா?”

பாய் தராசுத் தட்டைத் துடைத்தார்.

“நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். அதை வந்து மில்லுக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

தனக்கு இன்னும் பணம் பாக்கி வைத்திருக்கிறவளுக்காக ஒரு மனிதர் சாட்சி சொல்லப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாய் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். மில்லுக்காரரிடம் அவர் நீளமாகப் பேசவில்லை. இந்தப் பெண்ணிடம் எனக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது, இந்த நிமிஷம் வரைக்கும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, இவள் புருஷன் பேரில் வீட்டை எழுதுவதென்றால் என் பாக்கியை முதலில் நீர் எடுத்து வையும் என்றார். மில்லுக்காரர் மீசையைத் தடவியபடியே சரி என்றார். கிரயம் மதினி பேரில் ஆனது.

பால் காய்ச்சிய அன்று மதினி தகரப் பெட்டியிலிருந்து பூட்டை எடுத்துக் கதவில் மாட்டினார். எண்ணெய் போட்ட பிறகுதான் சாவி திரும்பியது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினோம். அண்ணன் மட்டும் தன் பையோடு வாசற்படியில் நின்றார். உள்ளே போகவும் இல்லை, எங்களோடு வரவும் இல்லை. என்னையும் மாமியாரையும் வைத்துக்கொண்டே மதினி அவரிடம் சொன்னார்: “இருக்கலாம். மாசம் நாப்பது ரூபா வாடகை. எங்கிட்டத் தர வேண்டாம், பாய் கடையில கட்டிருங்க. உங்க கடன்தான அது.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கட்டின புருஷனிடம் வாடகை கேட்கிறவளை உலகத்தில் பார்த்ததில்லை என்றார். தெருவும் அதையேதான் பேசியது. ஆனால் அண்ணன் பையை உள்ளே வைத்தார்.

ஏலக்காய்க் கடைகளில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். வாடகையைக் கட்டினார். சில மாதம் தாமதமாகும். மதினி கேட்க மாட்டார், இவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவார், பிறகு எப்படியாவது கட்டிவிடுவார். மதினி அவருக்குச் சமைத்தார், காய்ச்சலென்றால் சுக்குத் தட்டிப் போட்டார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் அளந்து பேசினார்கள். நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அண்ணன் வாசல் பக்கம், மதினி அடுப்படிப் பக்கம். நடுவில் இருந்த இடத்தை இரண்டு பேருமே மிதிக்கத் தயங்குவது போல இருக்கும்.

இப்படியே எண்பதுகளின் நடுப்பகுதி வந்தது. கடன் முடிந்தது. கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு பாய் ஒரு பொட்டலம் கற்கண்டு கொடுத்தனுப்பினார். அதை அண்ணன்தான் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்தார். முடிஞ்சிருச்சு என்றார். மதினி தலையாட்டினார். அந்த வாரத்திலேயே, பட்டப்பகலில், குளித்துச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பூப்பாறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். மதினி சரி என்றார். அவர் மறுபடி வரவே இல்லை.

தொலையட்டும், பாரம் விட்டது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். மதினி ஒரு பேச்சும் பேசியதில்லை. வெகு காலம் கழித்து, என் மூத்த மகன் பேங்கில் கடன் வாங்கித் தேனியில் வீடு கட்டியபோது அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எல்லா அறையையும் பார்த்துவிட்டு, மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கடனிலேயே குடியிருப்பதில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சமே இல்லை, அது நல்லதுதான் என்றார். பிறகு, எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்காமல், “இனிமே வாடகை வேண்டாம்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பாரோ என்னமோ. மனசுல இருந்துச்சு தாயி. வாய் வரல” என்றார்.

மதினி சாகும்போது அந்த வீடு அவருடையதாகத்தான் இருந்தது. உயில் எழுதவில்லை. தம்பி பிள்ளைகளுக்குத்தான் போகும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். வரி ரசீதில் பெயர் மாற்றப் போனபோது வக்கீல் சட்டத்தைச் சொன்னார். பிள்ளையில்லாத பெண் எழுதிவைக்காமல் இறந்தால், அவள் உழைத்து வாங்கியதும் கணவனுக்கு. அவன் இல்லையென்றால் கணவன் வழியினருக்கு. கூடப் பிறந்தவர்கள் அதற்குப் பிறகுதான். என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு தரம் மலையேறிக் காணாமல் போனவருக்கு, அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோதும், அந்த வீட்டில் முதல் உரிமை இருந்தது.

ராசிங்காபுரத்திலிருந்து அண்ணனுடைய தமையன் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. வெற்றிலை பாக்குப் பழத்தோடு வந்து, எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டைத் திறந்தார்கள். மதினியை அவர்கள் பார்த்ததே இல்லை. மூத்தவன் அறையைச் சுற்றிப் பார்த்தான், ஓட்டைப் பார்த்தான், அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு வாசல் பக்கத்தில் நின்று மரியாதையாகக் கேட்டான்: “எங்க சித்தப்பா இந்த வீட்டுலதான் இருந்தாரா அத்தை?”

“இருந்தாருப்பா” என்றேன். “வாடகைக்கு.”